வெளிச்சம் வந்தாயிற்று, குளிர் போகவில்லை: ஆர்க்டிக் ஆய்வு நிலையத்தில் வசந்தகால வேலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீ-ஓலசுண்டில் ஒரு வசந்தகாலம் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கரடி பார்த்தாயா என்பது முதல் கேள்வி. கழிப்பறைக்கு என்ன செய்தாய் என்பதைச் சற்றுத் தயங்கி, கடைசியாகக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்த இடம் எங்கே இருக்கிறது?

நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் மேற்குக் கரையில். அட்சரேகை 78 பாகை 55 கலை வடக்கு. வட துருவம் அங்கிருந்து ஏறத்தாழ 1,230 கிலோமீட்டர்தான். கோங்ஸ்ஃபியோர்டன் என்ற கடற்கழியின் ஓரத்தில் சிவப்பும் மஞ்சளுமாகச் சில மரவீடுகள், சுற்றிலும் பனியாறுகள்.

ஊர் பிறந்தது நிலக்கரிக்காக. 1962 நவம்பரில் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 21 பேர் இறந்தார்கள். மறு வருடமே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பிறகுதான் ஆய்வாளர்கள் வந்து சேர்ந்தார்கள். சுரங்கக்காலத்து ரயில் என்ஜின் ஒன்று கடற்கரைப் பக்கம் இன்னும் நிற்கிறது. 1926-ல் துருவப் பயணி அமுண்ட்சென் குழுவினர் ‘நோர்கே’ ஆகாயக் கப்பலில் வட துருவத்தைக் கடந்து போவதற்கு முன் அதைக் கட்டிவைத்த கம்பமும் ஊருக்கு வெளியே நிற்கிறது.

இன்று நார்வே, ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, பிரிட்டன், நெதர்லாந்து, ஜப்பான், தென்கொரியா, சீனா எனப் பல நாடுகளின் நிலையங்கள் அங்கே உண்டு. இந்தியாவின் ஹிமாத்ரி 2008 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. வீடு, மின்சாரம், சாப்பாடு, விமான ஓடுதளம் எல்லாவற்றையும் கிங்ஸ் பே என்ற நார்வே அரசு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் முப்பது சொச்சம் பேர் இருப்பார்கள். கோடையில் நூறைத் தாண்டும். வசந்தம் இந்த இரண்டுக்கும் நடுவே. ஒவ்வொரு விமானத்திலும் புது முகங்கள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

எப்படிப் போய்ச் சேர்வது?

ஓஸ்லோவிலிருந்து ஸ்வால்பார்ட்டின் முக்கிய ஊரான லாங்யியர்பியன் வரை சாதாரணப் பயணிகள் விமானம். அங்கிருந்து இரட்டை உந்துவிசிறி வைத்த குட்டி விமானத்தில் 25 நிமிடம். அந்த 25 நிமிடத்துக்காக நாள்கணக்கில் காத்திருக்க நேரலாம். மேகம் இறங்கினால் விமானம் கிடையாது, அவ்வளவுதான். பெட்டியின் எடையைக் கறாராகப் பார்ப்பார்கள் என்பதால் கனமான கருவிகளை முன்கூட்டியே கப்பலில் அனுப்பிவிடுவதே நல்லது.

வசந்தம் என்கிறீர்களே, பூ பூக்குமா?

பூக்காது. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் தரை முழுக்கப் பனிதான். மரமே கிடையாது. அங்கே வளரும் துருவ வில்லோவும் சில சென்டிமீட்டர் உயரத்துக்குமேல் எழும்பாது. ஜூனில் பனி உருகிய பிறகுதான் தரையோடு ஒட்டிய ஊதாப் பூக்களைப் பார்க்க முடியும்.

அங்கே வசந்தம் என்பது வெளிச்சத்தின் பெயர். அக்டோபர் கடைசியில் போன சூரியன் பிப்ரவரி நடுவில் அடிவானத்தைத் தொடுகிறது. ஏப்ரல் 18 வாக்கில் மறைவதையே நிறுத்திவிடுகிறது. பூஜ்யத்திலிருந்து 24 மணி நேரத்துக்கு இரண்டே மாதம். சராசரி போட்டால் தினமும் 24 நிமிடம் பகல் நீள்கிறது. போன வாரம் சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது இருட்டாக இருந்த பாதை இந்த வாரம் அதே நேரத்தில் கண்கூசும்.

ஆனால் வெப்பம் இந்த வேகத்தில் வருவதில்லை. மார்ச் மாதம் பெரும்பாலும் வருடத்தின் மிகக் குளிர்ந்த நாட்களைச் சேர்ந்தது. வெளிச்சம் முந்திக்கொண்டு வருகிறது, கதகதப்பு பின்தங்கிவிடுகிறது. இந்த ஒரு இடைவெளியைப் புரிந்துகொண்டால் அங்கே வசந்தத்தில் நடக்கும் முக்கால்வாசி விஷயம் புரிந்துவிடும்: ஏன் அப்போது இவ்வளவு வேலை, ஏன் தூக்கம் கெடுகிறது, காற்றின் வேதியியல் ஏன் திடீரென்று தலைகீழாகிறது எல்லாமே.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஆராய்ச்சி என்றால் நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்திருப்பது என்று நினைத்துப் போனேன். கணக்குப் பார்த்தால், ஒரு நாளில் உண்மையான அளவீட்டுக்குக் கிடைத்தது இரண்டு மூன்று மணி நேரம். மிச்சமெல்லாம் உடுத்துவது, அவிழ்ப்பது, பனி அள்ளுவது, பேட்டரி சூடாக்குவது, பட்டியல் சரிபார்ப்பது.

காலைச் சாப்பாடு பொதுக்கூடத்தில். எந்த நாட்டு நிலையத்தில் தங்கியிருந்தாலும் மூன்று வேளையும் எல்லாரும் ஒரே கூடத்தில்தான் சாப்பிட வேண்டும். வாசலில் காலணியைக் கழற்றிவிட வேண்டும். நிலக்கரித் தூசி உள்ளே வரக்கூடாது என்று சுரங்கத் தொழிலாளர்கள் ஆரம்பித்த வழக்கம் இது. தூசி போய் அறுபது வருடம் ஆகியும் வழக்கம் போகவில்லை. பெரிய பெரிய பேராசிரியர்கள் கம்பளிக் காலுறையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது யாரிடமும் பேசத் தயக்கமே வராது.

சாப்பிட்டதும் வானிலை பார்க்க வேண்டும். காற்று எவ்வளவு, தெரிநிலை எவ்வளவு, பனிச்சரிவு அபாயம் எவ்வளவு. சரியென்றால் எங்கே போகிறோம், யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிவைத்துவிட்டுக் கிளம்புவோம். தனியாக யாரும் களத்துக்குப் போவதில்லை. துப்பாக்கி, தோட்டா, ஒளிச்சமிக்ஞைத் துப்பாக்கி, வாக்கி-டாக்கி, அவசர அலைபரப்பி, பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவி, நீளக் கம்பி, மண்வாரி, மாற்றுக் கையுறை, வெந்நீர் குடுவை என்று அடுக்கி முடிக்கவே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

பிறகு ஸ்னோமொபைல். அங்கே எல்லாரும் அதை ‘ஸ்கூட்டர்’ என்றுதான் சொல்கிறார்கள். பனி கெட்டியாக இருக்க வேண்டும், பாதை கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவது மார்ச் முதல் மே நடுவரைதான். குளிர்காலத்தில் பனி இருக்கும், வெளிச்சம் இருக்காது. கோடையில் வெளிச்சம் இருக்கும், பனி இருக்காது. அதனால்தான் பனியாற்றில் வேலை இருக்கிறவர்கள் எல்லாரும் ஏப்ரலில் வந்து குவிகிறார்கள்.

பனியாற்றில் என்னதான் செய்கிறோம் என்றால், நீளக் கம்பியைப் பனியில் குத்தி ஆழம் பார்க்கிறோம். நூறு மீட்டர் போ, குத்து, எழுது. மறுபடி போ, குத்து, எழுது. நடுவில் ஒரு குழி தோண்டி, அடுக்கடுக்காகப் பனியை எடுத்து எடை போட்டு அடர்த்தி கணக்கிடுகிறோம். பள்ளிச் சிறுவனே செய்துவிடலாம். ஆனால் அருகிலுள்ள ஆஸ்திரே புரோக்கர் பனியாற்றில் இதை 1967-லிருந்தும், மித்ரே லொவென் பனியாற்றில் 1968-லிருந்தும் விடாமல் செய்துவருகிறார்கள். வசந்தத்தில் எவ்வளவு சேர்ந்தது, கோடை முடிவில் எவ்வளவு போனது என்ற வரவு செலவுக் கணக்கு அது. ஏறத்தாழ எல்லா வருடமும் செலவுதான் அதிகம்.

குழியின் சுவரில் பனிக்கு நடுவே கண்ணாடி போலக் கெட்டியான பட்டை தெரிந்தால், குளிர்காலத்தின் நடுவில் மழை பெய்து உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பட்டை தரையை மூடிவிட்டால் கலைமான்கள் குளம்பால் கிளறி அடியிலிருக்கும் செடியைத் தின்ன முடியாமல் பட்டினி கிடக்கும். எங்கள் குழியிலும் அப்படி ஒன்று இருந்தது. அன்று மாலை ஊருக்குள் விலா எலும்பு தெரிய ஒரு மான் நின்றுகொண்டிருந்தது.

திரும்பியதும் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்து, காலி என்று திறந்து காட்டி, உள்ளே வைக்க வேண்டும். நனைந்த உடையை உலரப் போட்டு, குறிப்பேட்டைக் கணினியில் ஏற்றி முடிக்கும்போது கண் சொக்கும்.

கைபேசி வேலை செய்யாதாமே, நிஜமா?

நிஜம். வைஃபை கிடையாது, புளூடூத் கிடையாது. கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிட வேண்டும். கம்பியில்லாத மவுஸ், காதுக்கருவி, கைக்கடிகாரம் எல்லாமே அணைப்பில். சுற்றி 20 கிலோமீட்டருக்கு இந்த விதி.

காரணம் ஊருக்குச் சற்று வெளியே நிற்கும் இரண்டு பெரிய வானொலிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றும் 13 மீட்டருக்குச் சற்று அதிக விட்டம். பல நூறு கோடி ஒளியாண்டு தூரத்தில் குவாசர்கள் என்ற பிரகாசமான விண்பொருள்களிலிருந்து வரும் அலைகளை, உலகின் வேறு மூலைகளிலுள்ள கிண்ணங்களும் அதே நேரத்தில் பிடிக்கின்றன. ஒரே அலை இரண்டு இடத்துக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துப் பூமி எப்படிச் சுழல்கிறது, கண்டங்கள் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தன என்று கணக்கிடுகிறார்கள். அந்த அலை அவ்வளவு பலவீனமானது. பக்கத்தில் ஒரு வைஃபை பெட்டி இருந்தால் ரகசியம் பேசுகிறவர் காதருகே தவில் அடித்த மாதிரிதான்.

2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரை பாதுகாக்கப்பட்ட பட்டை. வாக்கி-டாக்கியும் வானிலை பலூனின் அலைபரப்பியும் அதற்குக் கீழே இயங்குவதால் தப்பித்தன. இணையம் கம்பி வழியாக வருகிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆகவே வீட்டோடு பேச முடியாது என்பது பொய். மேசைக்கு முன் உட்கார்ந்துதான் பேச முடியும். சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர் கையிலும் கைபேசி இல்லாததைக் கவனிக்க எனக்கே இரண்டு நாள் பிடித்தது. எனக்கு அங்கே மிகவும் பிடித்த விதி இதுதான் என்று சொன்னால் மகள் நம்பமாட்டேன் என்கிறாள்.

கரடி பார்த்தீர்களா?

தொலைநோக்கியில், கடற்கழியின் எதிர்க்கரையில், அழுக்கு மஞ்சளாக ஒரு புள்ளி நகர்ந்தது. அவ்வளவுதான். அதற்குமேல் பார்க்க ஆசைப்படவும் இல்லை.

துருவக்கரடித் தாய்கள் மார்ச், ஏப்ரலில் குட்டிகளோடு குகையை விட்டு வெளியே வருகின்றன. கரடிக்கு இரையாகும் வளையச் சீல்கள் பனிமேல் குட்டி போடுவதும் அதே காலம். எனவே வசந்தத்தில் கரடி வரலாம் என்று எண்ணியே நடக்க வேண்டும். குடியிருப்புக்கு வெளியே போகிறவர்கள் துப்பாக்கிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், அல்லது முடித்தவரோடு போக வேண்டும். மற்றவர்கள் குழி தோண்டும்போது ஒருவர் வேறெதுவும் செய்யாமல் சுற்றிலும் பார்த்துக்கொண்டே நிற்பார். வேலைகளிலேயே அலுப்பான வேலை அதுதான், குளிரும் அதிகம். நகராமல் நிற்க வேண்டுமே.

துப்பாக்கி கடைசி வழி மட்டுமே. 1973 முதல் அங்கே துருவக்கரடி பாதுகாக்கப்பட்ட விலங்கு. சுட நேர்ந்தால் ஆளுநர் அலுவலகம் விசாரணை நடத்தும். கரடியைத் தேடிப் போவதும் குற்றம். 2025 முதல் மார்ச் 1-லிருந்து ஜூன் 30 வரை 500 மீட்டர், மற்ற மாதங்களில் 300 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஊருக்குள் எந்தக் கதவையும் பூட்டமாட்டார்கள். கரடி வந்தால் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி நுழையலாம். திரும்பி வந்த பிறகு என் வீட்டுக் கதவைப் பூட்ட மறந்து நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை.

நரிகள் அழகாக இருக்கும், ஊருக்குள்ளேயே திரியும். தொடக்கூடாது, வெறிநோய் உண்டு.

அங்கே காற்று சுத்தமாகத்தானே இருக்கும்?

எல்லாரும் நினைப்பது இது, ஆனால் வசந்தத்தில் நிலைமை வேறு. குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் ஐரோப்பா, ஆசியாவின் புகை வடக்கே நகர்ந்து ஆர்க்டிக்கில் தேங்குகிறது. காற்று அடுக்கடுக்காக அசையாமல் நிற்கிறது, கழுவிவிட மழையும் குறைவு. ஆர்க்டிக் புகைமூட்டம் என்று இதற்குப் பெயர். மார்ச், ஏப்ரல் உச்சம்.

இதை அளக்கத்தான் ஊருக்குமேல் 474 மீட்டர் உயரத்தில் செப்பலின் மலையில் ஒரு நிலையம் இருக்கிறது. கம்பிவட ஊர்தியில் ஏறிப் போக வேண்டும், காற்று பலமாக இருந்தால் அதுவும் ஓடாது. 2006 வசந்தத்தில் கிழக்கு ஐரோப்பாவில் வயல்களில் வைத்த தீயின் புகை இங்கே வந்து, அதுவரை பதிவாகாத அளவுக்கு மாசு ஏறியது. பனியாற்றின் மேற்பரப்பே நிறம் மாறத் தொடங்கியது என்று பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொரு விநோதமும் வசந்தத்தில் மட்டும் நடக்கும். உறைந்த கடலின் உப்பிலிருந்து வரும் புரோமினை, திரும்பி வந்த சூரிய ஒளி கிளப்பிவிடுகிறது. தரையை ஒட்டிய ஓசோன் சில மணி நேரத்தில் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். கூடவே காற்றிலுள்ள பாதரசமும் வினைபுரிந்து பனியில் படிகிறது. நடுக்குளிர்காலத்தில் ஒளி இல்லை, கோடையில் உறைபனி இல்லை. இரண்டும் சந்திக்கிற இந்தச் சில வாரங்களில்தான் இது நடக்கும். மேலே சொன்ன அதே இடைவெளி.

இந்தியர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்?

காற்றிலுள்ள நுண்துகள், பனியாறு, நுண்ணுயிர், கடல் என்று பல வேலை. 2014-ல் கோங்ஸ்ஃபியோர்டனில் 192 மீட்டர் ஆழத்தில் ‘இண்ட்ஆர்க்’ என்ற கருவித்தொடரை இறக்கினார்கள். தண்ணீரின் வெப்பம், உப்பு, நீரோட்டம் எல்லாவற்றையும் அது அளக்கிறது. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் உள்ளே வரத் தொடங்கியதால் 2006-க்குப் பிறகு இந்தக் கழி பெரும்பாலான குளிர்காலங்களில் முழுதாக உறைவதில்லை. முன்பு கடல்மேல் ஸ்கூட்டர் ஓட்டிய இடத்தில் இப்போது ஏப்ரலில் படகு ஓடுகிறது. 2023 டிசம்பரில் முதல் குளிர்கால இந்தியக் குழு போனது. அதுவரை இருண்ட மாதங்களில் ஹிமாத்ரியில் ஆள் இருந்ததில்லை.

மறையாத வெயிலில் தூக்கம் வருமா?

முதல் வாரம் வராது. தடித்த கறுப்புத் திரை எல்லா அறையிலும் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து, தூங்க வேண்டும் என்ற நினைப்பே வராதது. இரவு பதினொரு மணிக்குப் பனி பொன்னிறமாக மின்னும், இன்னும் ஒரே ஒரு குழி தோண்டலாமே என்று தோன்றும். சாப்பாட்டு மணிதான் எங்களைக் காப்பாற்றியது. நேரத்துக்கு வராவிட்டால் சாப்பாடு இல்லை. சமையல்காரர் எந்த மருத்துவரையும்விட நன்றாக எங்கள் உடல் கடிகாரத்தைப் பராமரித்தார்.

குளிரை எப்படித் தாங்கினீர்கள்?

மைனஸ் 15 டிகிரி தனியாக ஒன்றும் செய்யாது. அதோடு வினாடிக்கு 10 மீட்டர் காற்று சேர்ந்தால் தோலுக்கு மைனஸ் 27 போல இருக்கும். ஸ்கூட்டரில் போனால் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். உள்ளே கம்பளி, நடுவில் இன்னொரு கம்பளி, வெளியே காற்று புகாத உடை. பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உறையவைக்கும். வியர்க்காமல் வேலை செய்யக் கற்பதுதான் உண்மையான பயிற்சி. சற்றுக் குளிரும்போதே கிளம்ப வேண்டும். ஜாக்கிரதை என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு குழி தோண்டியவன் நான். அரை மணி நேரத்தில் நனைந்து, அடுத்த அரை மணி நேரத்தில் நடுங்கினேன்.

பேனா உறையும், பென்சில் எழுதும். பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள். கேமராவை அப்படியே சூடான அறைக்குள் கொண்டுபோனால் உள்ளே நீர் கோக்கும். வெளியிலேயே பையில் போட்டு இறுக்கிக் கட்டி, மெதுவாகச் சூடேற விடுங்கள். கறுப்புக் கண்ணாடியும் சூரியத் தைலமும் அவசியம். மூக்கின் அடிப்பக்கம்கூடக் கருகும், வெயில் பனியில் பட்டுக் கீழிருந்தும் வருகிறதே.

கழிப்பறை?

ஊருக்குள் எல்லா வீட்டிலும் வழக்கமான கழிப்பறைதான், வெந்நீரும் உண்டு. களத்தில் காவலுக்கு நிற்பவர் எதிர்த்திசையைப் பார்த்துக்கொள்வார், நீங்கள் வேகமாக முடித்துக்கொள்ள வேண்டும். வேகத்தைக் காற்றே கற்றுக்கொடுக்கும்.

உடம்பு சரியில்லாமல் போனால்?

சின்ன விஷயத்துக்கு முதலுதவி அறை. பெரிதென்றால் ஹெலிகாப்டரில் லாங்யியர்பியன் மருத்துவமனைக்கு, வானிலை விட்டால். கிளம்புமுன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். எங்கள் கூட்டத்தில் மிக அதிகம் அவதிப்பட்டவருக்குப் பனியால் ஒன்றும் ஆகவில்லை, கடைவாய்ப் பல்தான் காரணம்.

அதே முகங்கள். சண்டை வராதா?

வரும். பெரிய விஷயத்துக்கு வராது. உலர்த்தும் அறையில் யார் கையுறையை யார் நகர்த்தினார்கள் என்பதற்கு வரும். வசந்தத்தில் இன்னொரு சிக்கலும் சேரும்: இருட்டு முழுவதையும் அங்கேயே கழித்தவர்கள் ஒரு பக்கம், நேற்று வந்திறங்கி எல்லாவற்றுக்கும் வியந்துகொண்டிருக்கும் நாங்கள் ஒரு பக்கம். அமைதியாக இருந்த தங்கள் கூடத்தில் திடீரென்று இரைச்சல் என்று அவர்களுக்கு. எனக்கு அது புரியப் பத்து நாள் ஆனது. அதன்பின் காலையில் நானாகப் பேச்சைத் தொடங்குவதை நிறுத்தினேன், அவர்களே பேச ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமை இரவு எல்லாரும் நல்ல உடை உடுத்திச் சாப்பிட வருவார்கள். நாள் கிழமை தெரியாத வெளிச்சத்தில் வாரம் ஒன்று முடிந்தது என்பதற்கு அந்த இஸ்திரி போட்ட சட்டைதான் அடையாளம். ஒன்று எடுத்துப் போங்கள்.

வடதுருவ ஒளி தெரியுமா?

மார்ச்சில் போனால் வாய்ப்புண்டு. ஏப்ரல் நடுவுக்குமேல் வானம் இருளாது, ஒளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

விஞ்ஞானியாக இல்லாவிட்டால் போக முடியாதா?

போகலாம். ஊரை நடத்துவதே சமையல்காரர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், இயந்திரம் பழுதுபார்ப்பவர், தச்சர் போன்றவர்கள்தான். கிங்ஸ் பே அவர்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறது. ஹிமாத்ரிக்குப் போக விரும்பும் ஆய்வாளர்கள், கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் ஆய்வுத் திட்டங்களைக் கேட்கும்போது விண்ணப்பிக்க வேண்டும். ஸ்வால்பார்ட்டுக்கு விசா வேண்டாம் என்று சொல்வார்கள், நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். நார்வே வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் இரு முறையாவது உள்ளே நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா வேண்டும்.

வசந்தம் எப்போது முடிகிறது?

ஏப்ரலில் ஒரு நாள் காலை கூரைமேல் குருவிபோல ஒரு சத்தம் கேட்கும். பனிக்கொட்டுக்குருவி. மாதக்கணக்கில் காற்றையும் ஜெனரேட்டரையும் தவிர எதையும் கேட்காதவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார்கள். மே நடுவுக்குமேல் வாத்துக்கள் கூட்டமாக வரும். பனி கூழாகும், ஸ்கூட்டரை ஓரங்கட்டி மூடிவைப்பார்கள். பிறகு சில நாள் எதற்கும் உதவாத காலம். வண்டி ஓடாது, நடந்தால் இடுப்பு வரை புதையும்.

ஜூன் தொடக்கத்தில் ஆர்க்டிக் ஆலாக்கள் அண்டார்க்டிக் பக்கமிருந்து வந்து பாதையோரத்திலேயே கூடு வைக்கும். நடந்துபோகிறவர் உச்சந்தலையைக் குறிவைத்துக் கொத்தும். உயரமாக எது தெரிகிறதோ அதைத்தான் கொத்தும் என்பதால் ஆளாளுக்கு ஒரு குச்சியைத் தலைக்குமேல் பிடித்தபடி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவோம். கூடத்து வாசலில் காலணிகளுக்குப் பக்கத்தில் குச்சிகள் வரிசையாகச் சாத்தி நின்றால் கோடை வந்துவிட்டது.